தாம்பரம் – பீச் வண்டியில் ஒரு பங்குச் சந்தை

போன வாரம் பரணில் இருந்த பழைய டிரங்குப் பெட்டியை இறக்கிச் சுத்தம் செய்தேன். அதில் ஒரு காகிதம் கிடைத்தது. 2000 மார்ச் மாதத்து டீமேட் கணக்கு அறிக்கை. ஒரே ஒரு வரிதான். ஒரு கம்பெனியின் பெயர், எதிரே 50 என்ற எண். கம்பெனியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது சென்னைக் கம்பெனி, கணினித் தொழிலில் இருந்தது என்று சொன்னால் போதும். அந்த 50 ஷேர் இன்றும் என் கணக்கில் இருக்கிறது. வாங்க ஆள் இல்லை. விற்கவும் வழி இல்லை.

என் மனைவி அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதையுமா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். கோபம் இல்லை, சிரிப்புதான். அந்தச் சிரிப்பு வர இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதனால் அந்த நாட்களைப் பற்றி எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

வண்டியில் நின்றுபோன சீட்டாட்டம்

அப்போது எனக்கு ஐம்பது வயதை ஒட்டி. ராஜாஜி சாலைப் பக்கம் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் யு.டி.சி. வீடு மேற்குத் தாம்பரம். காலையில் தாம்பரம் – பீச் மின்சார வண்டி, அதுவும் அன்று மீட்டர் கேஜ். 1931-ல் ஓட ஆரம்பித்த அந்த மீட்டர் கேஜ் மின்சார வண்டி 2004 நடுவில்தான் நின்றது. எங்கள் பெட்டியில் ஒரு கூட்டம் இருந்தது. ஏ.ஜி. ஆபீஸ், துறைமுகம், பாரிமுனை வங்கிகள், சுங்க இலாகா என்று எல்லாரும் குமாஸ்தா வர்க்கம். தாம்பரத்தில் ஏறினால் மடியில் துண்டை விரித்து ரம்மி. குரோம்பேட்டையில் ஏறுகிறவர் மூன்றாவது கை, பல்லாவரத்தில் ஏறுகிறவர் நான்காவது கை. பார்க் ஸ்டேஷன் வந்தால் கணக்கு முடிப்பார்கள்.

1999 தீபாவளியை ஒட்டி அந்த ஆட்டம் நின்றது. யாரும் நிறுத்தவில்லை. சீட்டுக் கட்டு இருந்த இடத்தில் இளஞ்சிவப்பு நிறத்து எகனாமிக் டைம்ஸ் வந்துவிட்டது. அதுவரை ஹிந்துவில் இறந்தவர் பட்டியலும் கிரிக்கெட்டும் படித்தவர்கள், கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தை மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்கள். "நேத்து எவ்வளவு சார்?" என்றால் முன்பு மழை அளவைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். இப்போது ஷேர் விலை.

ஏன் எங்களைப் போன்றவர்கள் அதில் விழுந்தோம்? இரண்டு காரணம் சொல்வேன். முதலாவது, கையில் பணம் இருந்தது. ஐந்தாவது ஊதியக் குழுவின் பரிந்துரை 1997-ல் அமலாகி, 1996 ஜனவரியிலிருந்து நிலுவைத் தொகை வந்தது. மொத்தமாக ஒரு தொகையைக் கையில் பார்ப்பது எங்களில் பலருக்கு அதுதான் முதல் தடவை. இரண்டாவது, அந்தப் பணத்தை எங்கே வைப்பது என்ற பயம். தொண்ணூறுகளில் சென்னையில் பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக விழுந்ததை நாங்கள் பார்த்தோம். 1998-ல் அனுபவ் பிளான்டேஷன்ஸ் விழுந்தபோது, தேக்கு மரத்தில் பணம் போட்டவர்கள் எங்கள் பெட்டியிலேயே இருந்தார்கள். பைனான்ஸ் கம்பெனி ஒருவன் நடத்தும் சூது, ஷேர் மார்க்கெட் என்பது அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் இடம் என்று எங்களுக்கு ஒரு எண்ணம். அங்கே செபி இருக்கிறது, டீமேட் இருக்கிறது, கம்ப்யூட்டர் திரை இருக்கிறது. போலிப் பத்திரம், கையெழுத்துப் பொருந்தவில்லை என்ற பழைய தொல்லைகள் 1996-க்குப் பிறகு குறைந்திருந்தன. உள்ளே போகும் வழி சுத்தமாகிவிட்டதால் உள்ளே இருப்பதும் சுத்தம் என்று நினைத்துவிட்டோம்.

499 கோடி

இன்டர்நெட் என்ற சொல்லை நாங்கள் அறிந்தது 1995 ஆகஸ்ட் 15-ல் விதேஷ் சஞ்சார் நிகாம் சென்னை உட்பட நான்கு நகரங்களில் அதைத் தொடங்கியபோது. அது பெரிய மனிதர்கள் விஷயமாக இருந்தது. 1997 கடைசியில் ஹாட்மெயிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் சபீர் பாட்டியா என்ற பெங்களூர்ப் பையன், விலை பல கோடி டாலர் என்று படித்தபோது, இந்த வித்தை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வரும் போலிருக்கிறதே என்று தோன்றியது. 1998 நவம்பரில் தனியாரும் இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கலாம் என்று அரசு அனுமதித்தது. அந்த அனுமதியில் முதலில் இறங்கியவர்களில் ஒன்று சென்னையிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவே. பிற்பாடு சிஃபி என்று அழைக்கப்பட்டது அதுதான்.

தாம்பரத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர்கள் மரத் தடுப்பு அடித்து இரண்டு கம்ப்யூட்டர் போட்டு 'பிரவுசிங் சென்டர்' ஆக்கினார்கள். மோடம் கீச்கீச்சென்று கத்தி இணைப்புக் கிடைப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்கு மெயில் அனுப்ப, தாத்தாக்கள் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போய், கடைப் பையனிடம் கொடுத்து அடிக்கச் சொல்வார்கள்.

1999 அக்டோபர் 19-ல் சத்யம் இன்ஃபோவே அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. அங்கே ஏறிய முதல் இந்திய இன்டர்நெட் கம்பெனி. 18 டாலருக்கு வெளியிட்ட பங்கு முதல் நாளே வேகமாக ஏறியது. நவம்பர் கடைசியில் அந்தக் கம்பெனி, ராஜேஷ் ஜெயின் என்பவர் நடத்திய இந்தியாவேர்ல்ட் என்ற நிறுவனத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. சமாசார், கோஜ், கேல், பாவர்ச்சி என்று சில இணையதளங்கள்தான் அதன் சொத்து. செய்தி, தேடல், கிரிக்கெட், சமையல்.

மறுநாள் வண்டியில் வேறு பேச்சே இல்லை. சமையல் குறிப்புப் போடும் ஒரு இடத்துக்கு இவ்வளவு விலையா? எங்கள் கூட்டத்தில் துறைமுகத்துக்காரர் ஒருவர், "மீனாட்சி அம்மாள் புஸ்தகத்துக்கு நாலணா குறைச்சுக் கேட்பான், இதுக்கு 499 கோடி குடுக்கறான்" என்றார். எல்லாரும் சிரித்தோம். சிரித்துவிட்டு எல்லாரும் சாயங்காலம் புரோக்கர் ஆபீசுக்குப் போனோம். அதுதான் அந்தக் காலம்.

ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நாஸ்டாக்கில் இருந்த சிஃபி பங்கை நம்மைப் போன்றவர்கள் இங்கிருந்து வாங்க முடியாது. அதனால் ஜனங்கள் அதன் தாய்க் கம்பெனியின் ஷேரை வாங்கினார்கள். அதுவும் எட்டாத விலைக்குப் போனதும் 'அந்த மாதிரி' கம்பெனிகளைத் தேடினார்கள். சென்னையிலேயே இருந்தன. பென்டாஃபோர் என்று இருந்து பென்டாமீடியா கிராஃபிக்ஸ் ஆனது. கணினியிலேயே முழு நீள சிந்துபாத் படம் எடுத்தது. டி.எஸ்.க்யூ. சாஃப்ட்வேர், கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திய எஸ்.எஸ்.ஐ. இவற்றின் பங்குகள் ஆயிரங்களில் விலை போயின. பெங்களூர் விப்ரோ 2000 பிப்ரவரியில் 9,000 ரூபாயைத் தாண்டியது. நாடு முழுக்கச் சின்னச் சின்ன லீசிங் கம்பெனிகளும் ஜவுளிக் கம்பெனிகளும் பெயருக்குப் பின்னால் இன்ஃபோடெக் என்றும் டாட்காம் என்றும் ஒட்டிக்கொண்டன. இனி பெயர் மாற்ற வேண்டுமானால் அந்தத் தொழில் நிஜமாகவே இருக்க வேண்டும் என்று செபி விதி போடும் அளவுக்கு அது போயிற்று.

விதி 16

என் கதைக்கு வருகிறேன். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவள் கல்யாணத்துக்கு என்று வங்கியில் 60,000 ரூபாய் வைப்பு நிதி இருந்தது. 2000 ஜனவரி பொங்கல் முடிந்த வாரம், முதிர்வுக்கு முன்பாகவே அதை உடைத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. ஷண்முகம் சாலைப் பக்கம் ஒரு மாடியில் சப்-புரோக்கர் ஆபீஸ் இருந்தது. பத்துக்குப் பத்து அறையில் முப்பது பேர். திரையில் எண் மாறும்போதெல்லாம் ஒரு முனகல். கம்பெனி என்ன செய்கிறது என்று நான் கேட்கவில்லை. ஏறுகிறதா என்றுதான் கேட்டேன். 1,140 ரூபாய் வீதம் 50 ஷேர். 57,000 ரூபாய், கமிஷன் தனி.

அரசு ஊழியன் ஷேர் வாங்கலாமா என்று ஒரு உறுத்தல். நாங்கள் விதியோடு வாழ்ந்தவர்கள். 1964-ஆம் வருஷத்து மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 16-வது விதி, ஊழியர் எவரும் பங்குகளில் ஊக வணிகம் செய்யக் கூடாது என்கிறது. அடிக்கடி வாங்குவதும் விற்பதும் ஊக வணிகமாகக் கருதப்படும் என்று அதற்கு விளக்கமும் உண்டு. நான் அதை எனக்குச் சாதகமாக வாசித்துக்கொண்டேன். வாங்கி வைத்துக்கொண்டால் முதலீடு, விற்றால்தான் சூதாட்டம்.

பிப்ரவரி 11-ஆம் தேதி மும்பை சென்செக்ஸ் வியாபாரத்தின் நடுவே 6,000 புள்ளியைத் தொட்டது. என் ஷேர் 1,600-ஐத் தாண்டியது. ஒரே மாதத்தில் இருபத்து மூவாயிரம் ரூபாய் லாபம். என் சம்பளத்தில் எத்தனையோ மாதம். சப்-புரோக்கரே, "சார், பாதி வித்துடுங்க" என்றார். நான் அவரிடம் விதி 16-ஐச் சொன்னேன்! விதி எனக்கு ஒரு சாக்கு. உள்ளே இருந்தது ஆசை: 3,000 வரட்டும், கல்யாணத்தோடு சேர்த்து மாடியும் கட்டிவிடலாம்.

விலை எப்படி ஏறியது

அப்போது தெரியாத ஒன்று, பிறகு பாராளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை, பத்திரிகைச் செய்தி எல்லாம் படித்துப் புரிந்தது. இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு வீட்டின் விலை பத்து லட்சம், அதற்கு வருகிற வாடகை மாதம் நூறு ரூபாய் என்றால் நாம் வாங்குவோமா? இன்டர்நெட் கம்பெனிகளின் விலைக்கும் வருமானத்துக்கும் அன்று இருந்த பொருத்தம் அப்படித்தான். பல கம்பெனிகளில் அந்த நூறு ரூபாயும் இல்லை, நஷ்டம். அதனால் வருமானத்தைக் கணக்கில் எடுக்காமல், எத்தனை பேர் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்கிறார்கள் என்று தலையை எண்ணி விலை போட்டார்கள். திருவிழாக் கூட்டத்தை எண்ணி வளையல் கடையை விலைக்கு வாங்குவது போல.

இது உலகம் முழுக்க நடந்த பைத்தியம். நம் ஊரில் இதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. மும்பையில் கேதன் பரேக் என்ற புரோக்கர் பத்துப் பங்குகளைச் சுற்றி விளையாடினார். கே-10 என்று அதற்குப் பெயரே உண்டு. மேலே சொன்ன சென்னைக் கம்பெனிகளும் அந்தப் பட்டியலில் அடிபட்டவைதான். அகமதாபாத்தின் மாதவபுரா மெர்க்கன்டைல் கூட்டுறவு வங்கி போன்ற இடங்களிலிருந்து பணம் வந்தது. பங்கை அடமானம் வைத்துக் கடன், அந்தக் கடனில் அதே பங்கு, விலை ஏறியதும் இன்னும் பெரிய கடன். இதற்கு வசதியாக 'பத்லா' என்ற பழைய ஏற்பாடு இருந்தது. வாங்கிய பங்குக்கு உடனே முழுப் பணம் கட்டாமல், வட்டி மட்டும் கொடுத்து அடுத்த கணக்குக்குத் தள்ளிப்போடலாம். மீட்டர் வட்டிக்கு வாங்கி மாடி கட்டுவது போலத்தான். செங்கல் ஏறிக்கொண்டிருக்கும் வரை எல்லாருக்கும் அது மாளிகையாகத் தெரியும்.

இறக்கம்

2000 மார்ச் 10-ல் நாஸ்டாக் 5,048 புள்ளி. அதுதான் உச்சம். ஏப்ரலில் ஒரே வாரத்தில் நான்கில் ஒரு பங்கு போயிற்று. இங்கேயும் மார்ச்சிலிருந்து இறக்கம். என் ஷேர் 1,600-லிருந்து 1,100, பிறகு 700. அசலாவது வரட்டும், விற்றுவிடுகிறேன் என்று பிள்ளையாரிடம் சொன்னேன். வண்டியில் சத்தம் குறைந்தது. நவம்பர் வாக்கில் சீட்டுக் கட்டு திரும்பி வந்தது. ஆனால் காசு வைக்காமல் ஆடினார்கள்.

எங்கள் கூட்டத்தில் சேலையூரிலிருந்து வரும் வங்கி நண்பர் ஒருவர் இருந்தார். ஏறும் காலத்தில் அவர் ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. எங்களைக் கேலி செய்த ஒரே ஆள். அந்தக் குளிர்காலத்தில் அரசு வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. நாடு முழுக்க ஒரு லட்சம் பேர் அளவில் அதில் வெளியே போனார்கள். அவரும் போனார். 2001 தொடக்கத்தில் கையில் பெரிய தொகை. என்னுடைய ஷேரே அப்போது 200 ரூபாய். அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "1,600-க்கு வாங்கினவன் ஏமாளி சார். 200-க்கு வாங்கறவன் புத்திசாலி. இன்டர்நெட் எங்கயும் போயிடாது."

அவர் சொன்னதில் கடைசி வாக்கியம் முழுக்க நிஜம். அவர் அதே கம்பெனியில் லட்சங்களைப் போட்டார். தொண்ணூறு சதவீதத்துக்குப் பக்கம் விழுந்துவிட்ட பங்கு இனி எங்கே விழப்போகிறது என்பது அவர் கணக்கு. வங்கியில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவர். 200 ரூபாய் 20 ரூபாயானால் அதுவும் தொண்ணூறு சதவீதம்தான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் இருவருக்கும் தோன்றவில்லை.

2001 மார்ச் 2-ல் சென்செக்ஸ் 176 புள்ளி விழுந்தது. மாதவபுரா வங்கியில் பணம் எடுக்க ஜனங்கள் வரிசை கட்டினார்கள். கல்கத்தா பங்குச் சந்தையில் பட்டுவாடா முடங்கியது. மார்ச் 30-ல் கேதன் பரேக் கைதானார். ஜூலை 2-ஆம் தேதி முதல் பத்லா ஒழிந்தது. அதே ஜூலை 2-ல் இன்னொரு அடி. யு.டி.ஐ.யின் யு.எஸ்-64 யூனிட்டை விற்பதையும் திரும்ப வாங்குவதையும் நிறுத்தி வைப்பதாக அறிவிப்பு. 1964-லிருந்து பென்ஷன்காரர்கள், விதவைகள், கல்யாணத்துக்குச் சேர்ப்பவர்கள் எல்லாரும் அஞ்சலகத்துக்கு இணையாக நம்பியது அது. ஷேர் வாடையே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களின் பணமும் யு.டி.ஐ. வழியாக அதே சாஃப்ட்வேர்ப் பங்குகளுக்குப் போயிருந்தது. அரசு கைகொடுத்து, பிறகு பத்திரங்களாக மாற்றிக் கொடுத்தது. அதற்குள் எத்தனை வீட்டில் தூக்கம் போயிற்று என்று தாம்பரத்து மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

2001 செப்டம்பரில் சென்செக்ஸ் 2,600-க்கும் கீழே. அன்று ராத்திரிதான் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தாள். அதற்கப்புறம் பல வருஷம், சம்பளக் கவரைப் பிரிக்காமல் அவள் கையில் கொடுத்தேன். மகள் கல்யாணம் ஜி.பி.எஃப். முன்பணத்திலும், மனைவியின் இரண்டு வளையலிலும் நடந்தது.

லாசுப்பேட்டைப் பாடம்

இதில் எனக்குப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. இந்தக் கதையை நான் பதினான்கு வயதிலேயே படித்திருந்தேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்குப் பிரெஞ்சு தேசத்துச் சரித்திரம்தான் பாடம். அதில் ஜான் லா என்று ஒருவர் வருவார். எடின்பரோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர், கணக்கில் புலி. பதினான்காம் லூயி விட்டுப்போன கடனில் பிரான்ஸ் தத்தளித்தபோது 1716-ல் பாரிசில் வங்கி தொடங்கிக் காகிதப் பணம் அச்சடித்தார். அடுத்த வருஷம் அமெரிக்காவின் மிசிசிப்பி நதிப் பிரதேசத்தில் வியாபாரம் செய்ய ஒரு கம்பெனி. 500 லிவ்ர் மதிப்புள்ள அதன் பங்கு 1719 முடிவில் 10,000 லிவ்ர் அளவுக்குப் போயிற்று. பாரிசில் கேங்காம்புவா என்ற குறுகிய தெருவில் பிரபுவும் சமையல்காரனும் இடித்துக்கொண்டு பங்கு வாங்கினார்கள். ஒரு கூனன் தன் முதுகை எழுதும் மேசையாக வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தான் என்று ஒரு கதை உண்டு. எங்கள் வாத்தியார் அதை நடித்தே காட்டுவார், வகுப்பே சிரிக்கும்.

அங்கேயும் நடந்தது அதேதான். வங்கி அச்சடித்த பணத்தை ஜனங்கள் கடனாக வாங்கி, அதே ஆள் நடத்தும் கம்பெனியின் பங்கில் போட்டார்கள். 1720-ல் எல்லாம் சரிந்தது. டிசம்பரில் லா பிரான்சை விட்டு ஓடினார். 1729-ல் வெனிஸ் நகரத்தில் வறுமையில் இறந்தார்.

இது ஏதோ தூர தேசத்துச் சங்கதி அல்ல. 1719-ல் லாவின் கம்பெனி, கடனில் மூழ்கிக் கப்பல் அனுப்பக்கூட வழியில்லாமல் கிடந்த பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியையும் விழுங்கியது. ஆக, அன்றைய புதுச்சேரியும் அந்தப் பங்குக்குள் அடக்கம். நாங்கள் விளையாடிய கடற்கரை ஒரு காலத்தில் பாரிஸ் தெருவில் ஷேராக விற்றிருக்கிறது! சரிவுக்குப் பிறகும் கம்பெனி சாகவில்லை. சீரமைத்து, 1769 வரை நடந்தது. புதுச்சேரி பெரிய துறைமுகமாக வளர்ந்ததும் துய்ப்ளேக்ஸ் காலத்து ஆட்டபாட்டமும் அதன் கீழ்தான். 1765-லிருந்து 1777 வரை புதுச்சேரி கவர்னராக இருந்த ழான் லா தெ லொரிஸ்தோன் அந்த ஜான் லாவின் தம்பி மகன். இன்று விமான நிலையம் இருக்கும் லாசுப்பேட்டையின் பெயர் இந்த லாவிலிருந்து வந்தது என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள்.

லாசுப்பேட்டை வழியாகச் சைக்கிளில் போனவன் நான். பரீட்சையில் லாவைப் பற்றி எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவன். ஆனால் ஷண்முகம் சாலை மாடியில் உட்கார்ந்திருந்தபோது கேங்காம்புவா தெரு நினைவுக்கு வரவில்லை. பாடம் மதிப்பெண்ணோடு முடிந்துவிட்டது.

சொன்னது நடந்தது

இத்தனை வருஷம் கழித்து யோசித்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. நாங்கள் பொய்யை நம்பி ஏமாந்தோம் என்று சொல்ல முடியாது. தேக்குமரக் கதை வேறு, இது வேறு. எங்களிடம் சொன்னது எல்லாமே நடந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்தபடி கரண்ட் பில் கட்டலாம், ரயில் டிக்கெட் எடுக்கலாம், அமெரிக்காவில் இருக்கும் பேத்தியின் முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்றார்கள். நடந்தது. தரமணியில் டைடல் பார்க்கைப் பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்தது 2000 ஜூலை 4-ல். நாஸ்டாக் உச்சத்திலிருந்து இறங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. காலியாகக் கிடக்கும் என்று வண்டியில் பேசினோம். அது நிரம்பி, பழைய மாமல்லபுரம் சாலை முழுக்க நீண்டு, சிறுசேரி வரை போய்விட்டது. சிஃபி கம்பெனியும் விழுந்து எழுந்து, கைமாறி, இன்றும் டேட்டா சென்டர் நடத்திக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் அமேசான் பங்கு அந்தச் சரிவில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அதே அமேசான் பையன் இன்று முடிச்சூர் சந்துக்குள் வந்து பொட்டலம் கொடுக்கிறான்.

லாவும் பொய் சொல்லவில்லை. மிசிசிப்பிக் கரை பின்னாளில் செழித்தது. அந்தக் கம்பெனி 1718-ல் நிறுவிய நியூ ஆர்லியன்ஸ் நகரம் இன்றும் இருக்கிறது. ஆனால் 10,000 லிவ்ருக்குப் பங்கு வாங்கிய சமையல்காரனுக்கு அதனால் என்ன?

எதிர்காலம் ஒன்று, அதற்கு நாம் இன்று கொடுக்கும் விலை இன்னொன்று. முதலாவதைச் சரியாகச் சொல்லிவிட்டதால் இரண்டாவதும் சரி என்று நினைத்தோம். மழை வரும் என்று சரியாகச் சொன்னவன், பத்து மடங்கு விலைக்குக் குடை வாங்கிய கதை எங்களுடையது. அந்தக் குடையிலும் பாதிக்கு மேல் துணியே இல்லை. மழை வந்தது. நனைந்தோம். சந்தை மொத்தமாக மீண்டது என்பதும் நிஜம்தான். 2004 ஜனவரியில் சென்செக்ஸ் மறுபடி 6,000-ஐத் தாண்டியது. நாஸ்டாக் பழைய உச்சத்தை எட்ட 2015 ஆயிற்று. ஆனால் மீண்ட சந்தையில் இருந்த கம்பெனிகள் வேறு. என் 50 ஷேர் அங்கே இல்லை.

அந்த 1999-ல் நமக்குக் கிடைத்ததிலேயே உருப்படியானது எது என்று கேட்டால், பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைச் சொல்வேன். தமிழ்99 விசைப்பலகை அங்கே பிறந்தது. இந்தக் கட்டுரையை அதில்தான் அடிக்கிறேன். அதற்கு ஒரு பைசா கொடுக்கவில்லை.

சேலையூர் நண்பரைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். விருப்ப ஓய்வுப் பணம் போன பிறகு அவர் ஒரு ஆடிட்டரிடம் கணக்கெழுதப் போனார். சைக்கிளில் போவார். ஒரு நாளும் புலம்பவில்லை. மகனைப் பொறியியல் படிக்க வைத்தார். அந்தப் பையன் சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்து, சேலையூரிலேயே வீடு கட்டி, கடைசி வரை அப்பாவை நன்றாக வைத்துக்கொண்டான். அவர் இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஒரு நாள் அவரே சொன்னார்: "இன்டர்நெட் எங்க வீட்டுக்கு ரெண்டு தடவை வந்துது சார். ஷேரா வந்தப்ப எடுத்துக்கிட்டுப் போச்சு. சம்பளமா வந்தப்ப குடுத்துட்டுப் போச்சு."

போன மாதம் என் மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். இப்போது எல்லாமே போனில்தான். டீமேட்டும் அதிலேயே, புரோக்கரும் அதிலேயே. செயற்கை நுண்ணறிவுக் கம்பெனி ஷேர் ஒன்றைக் காட்டி, "தாத்தா, இனிமே உலகமே இதுதான், வாங்கலாமா?" என்றான். உலகமே இதுதான் என்பதை நான் மறுக்கவில்லை. இருக்கலாம். "அந்தக் கம்பெனி போன வருஷம் எவ்வளவு சம்பாதிச்சுது, அதுக்கு நீ எவ்வளவு விலை குடுக்கற? ரெண்டையும் ஒரு காகிதத்துல எழுதிக்கிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றேன். அவன் இன்னும் எழுதிக்கொண்டு வரவில்லை.

என் மனைவி அந்தப் பழைய டீமேட் காகிதத்தை மடித்து, பேரன் அடுத்த முறை வரும்போது காட்டலாம் என்று பீரோவில் வைத்திருக்கிறாள்.